காடவர்கோன் கண்ட கனவு



உறங்காத உயிர் உலகில் இல்லை. உறக்கத்தில் கனவு காணாத மனிதரும் அரியர். இரவில் கண்ட கனவைக் காலையில் வீட்டாரிடம் சொல்லி, ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்பது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். பாம்பு துரத்தக் கண்டால் கலங்குகிறோம். மறைந்த தாயோ தந்தையோ வந்து பேசக் கண்டால் நெகிழ்கிறோம். திருக்கோயிற் கோபுரத்தைக் கண்டால் மகிழ்கிறோம். கனவு கலைந்து போகிறது; அது எழுப்பிய வினா மட்டும் கலைவதில்லை. அவ்வினாவிற்கு நம் சைவ வரலாறு தந்திருக்கும் விடையொன்றை இத்திருவிழா நாளில் சிந்தித்தல் நலம் எனக் கருதுகிறோம்.

தமிழர் கனவை எளிய பொருளாக எண்ணினாரல்லர். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் கனவையும் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. திருவள்ளுவர் காமத்துப்பாலில் கனவுநிலை உரைத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கனாநூல் என்னும் பெயரால் தனி நூலும் எழுந்தது. எந்தச் சாமத்தில் கண்ட கனவு எத்தனை காலத்தில் பலிக்கும், எதனைக் கண்டால் நன்மை, எதனைக் கண்டால் தீமை என்றெல்லாம் கனவின் பயனை ஆராயும் துறை இது.

சிலப்பதிகாரத்தை நோக்குவோம். கண்ணகி புகார் நகரில் இருக்கும்போதே ஒரு கனவு காண்கிறாள். கணவனுடன் வேற்றூர் புகுவதும், ஆங்குப் பழி சூழ்வதும், அரசன்முன் தான் வழக்குரைப்பதும், அவ்வரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைவதும் அக்கனவில் தோன்றுகின்றன. மதுரையில் பாண்டிமாதேவியும் வெண்குடை வீழவும் செங்கோல் சாயவும் கனவு கண்டு அரசனிடம் உரைக்கிறாள். கண்ட கனவுகள் இரண்டும் பலித்தன. ஆனால் அவற்றைக் கண்டதால் காக்கப்பட்டவர் யார்? கோவலன் காக்கப்படவில்லை, பாண்டியனும் காக்கப்படவில்லை. வருவதை முன்னறிவிப்பதோடு அக்கனவுகளின் தொழில் முடிந்துவிட்டது.

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில் வரும் கனவுகளோ வேறு வகையின. அவை வரப்போவதைச் சொல்வனவாக மட்டும் அமையவில்லை, செய்யவேண்டியதைச் சொல்வன. கண்டவரை எழுப்பி ஓரிடத்திற்கு நடக்கச் செய்வன. அவ்வாறு நடந்தவர்களுள் ஒரு பேரரசனும் இருக்கிறான். அவனுடைய கனவே இன்றைய நம் பொருள்.

காஞ்சியிற் கற்றளி

காஞ்சிபுரத்தில் கயிலாயநாதர் திருக்கோயிலைக் கண்டு வணங்கிய அன்பர்கள் நம்முள் பலர். கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுந்த அவ்விமானத்தையும், அதனைச் சூழ்ந்த மதிலின் உட்புறம் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களையும் கண்டவர் மறக்கமாட்டார். அதனை எடுப்பித்தவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவப் பெருவேந்தன் அவன். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அக்கோயில், அவன் காலத்தில் அவன் பெயராலேயே வழங்கிற்று.

அச்சிறு கோயில்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை 200க்கும் மேற்பட்டவை. சங்கரனுக்கு அன்பன் என்பது போன்ற பத்திப் பெயர்களும், போரில் வல்லவன் என்பது போன்ற வீரப் பெயர்களும் அவற்றுள் உண்டு. விமானத்தின் அடியைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுட்களாக ஒரு கல்வெட்டும் அமைந்துள்ளது. ஹுல்ஷ் என்னும் அறிஞர் இதனைத் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்ற வரிசையின் முதல் தொகுதியில் 1890இல் பதிப்பித்தார்.

அக்கல்வெட்டில் சைவர்கள் நெஞ்சில் பதிக்கவேண்டிய செய்திகள் இரண்டு உண்டு. சைவ சித்தாந்த நெறியில் நின்று மலங்கள் எல்லாம் நீங்கப்பெற்றவன் இம்மன்னன் என்பது ஒன்று. சித்தாந்தம் என்னும் சொல் நம் நாட்டுக் கல்வெட்டில் இத்துணைப் பழங்காலத்திலேயே இடம்பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. மற்றொன்று வியப்பானது. முன்னை யுகத்தில் துஷ்யந்தன் முதலிய அரசர்கள் உருவற்ற வான்மொழியைக் கேட்டார்கள் என்றால் அதில் புதுமை இல்லை. நற்குணங்கள் அகன்றுபோன இக்கலியுகத்தில் இவ்வரசன் அம்மொழியைக் கேட்டது அன்றோ வியப்பு என்று அக்கல்வெட்டு பேசுகிறது. கேட்ட மொழி யாது என்று கல் சொல்லவில்லை.

நின்றவூரில் மனக்கோயில்

கல் சொல்லாத அதனைச் சொல் சொல்கிறது போலும் என்று எண்ணுமாறு அமைந்தது பூசலார் நாயனார் புராணம். இவ்வடியாரின் திருப்பெயரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் போற்றினார். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் அவர் வரலாற்றை விரித்துரைத்தார். சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பூசலார் வாழ்ந்த திருநின்றவூரும் தொண்டைநாட்டு ஊர்களே.

பூசலார் மறையவர் குலத்தினர். பொருள் வளம் இல்லாதவர். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்கவேண்டும் என்னும் பேராவல் அவர் உள்ளத்தில் எழுந்தது. பல இடங்களிலும் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனம் வருந்தினார், வருந்தினாரேயன்றி எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். புறத்தே கிடைக்காத பொருளை அகத்தே தேடத் தொடங்கினார். எண்ணத்தாலேயே கருவிகளையும் கல்லையும் மரத்தையும் சேர்த்தார். எண்ணத்தாலேயே தச்சரை அழைத்தார். ஆகமம் கூறும் நல்ல நாளில் அடிநிலை பாரித்தார். ஒரு நொடியில் கோயில் எழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள அவருக்கு எது தடை? எனினும் அவ்வாறு அவர் நினைக்கவில்லை. இரவும் துயிலாது, ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வோர் உறுப்பாக, நெடுநாள் முயன்று கட்டினார். விமானம் எழுந்தது, சுதை பூசப்பட்டது, கிணறும் திருக்குளமும் மதிலும் அமைந்தன. பின்னர்த் திருக்குடமுழுக்கிற்கு நாள் குறித்தார்.

அதே நாளைக் காஞ்சியில் காடவர்கோனும் தன் கற்றளிக்குக் குறித்திருந்தான். அதற்கு முந்தைய இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரிலே பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து அமைத்த ஆலயத்தில் நாளை நாம் எழுந்தருள்கின்றோம். நீ குறித்த செயலை அந்நாள் கழிந்தபின் செய்வாயாக என்னும் கருத்துப்படப் பணித்து மறைந்தருளினார்.

அரசன் விழித்தெழுந்தான். அவன் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கோயில். நாடறியக் குறித்த நாள். மறையோரும் மன்னரும் வந்து கூடியிருக்கும் வேளை. ‘கனவுதானே’ என்று அவன் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கியிருந்தால் அவனைக் குறைகூறுவார் யாரும் இருந்திரார். மாறாக அவன் நின்றவூருக்குப் புறப்பட்டான்.

ஊரை அடைந்ததும், ‘பூசலார் எடுத்த கோயில் எங்கே?’ என்று வினவினான். ‘அவர் கோயில் ஒன்றும் எடுக்கவில்லையே’ என்றனர் ஊரார். இவ்வரலாற்றின் உயிர்நிலை இவ்விடமே என்பது எம் கருத்து. கனவு சொன்னது ஒன்று. கண் காண்பது மற்றொன்று. இவ்விடத்தில் அரசன் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்திருக்கக்கூடும். ‘கனவு பொய்’ என்று திரும்பியிருக்கலாம்; அல்லது ‘என் கனவைப் பொய்யாக்குகிறீர்களோ’ என்று ஊராரைச் சினந்திருக்கலாம். அவன் இரண்டையும் செய்யவில்லை. ஊரில் உள்ள மறையவரையெல்லாம் அழைத்து, ‘பூசலார் என்பவர் யார்?’ என்று கேட்டான். குற்றமற்ற ஒரு வேதியர் அவர் என்று அறிந்தான். அவரைத் தன்னிடம் அழைத்துவர ஒருப்படாமல் தானே அவரிடம் சென்றான்.

‘தேவரீர் அமைத்த திருக்கோயில் யாது? அதில் இன்று இறைவனைத் தாபிக்கும் நாள் என்று அவரே அறிவிக்க அறிந்து வந்தேன்’ என்று வணங்கி நின்றான் வேந்தன். பூசலார் மருண்டார். தாம் செய்தது பிறர் அறிய வரும் என்று அவர் எண்ணியதே இல்லை. ஒன்றுமற்ற என்னையும் ஒரு பொருளாகக் கொண்டு அருள்செய்தாரோ என்று உருகி, மனத்தில் கோயில் கட்டிய வகையைச் சொன்னார். அரசன் தரையில் வீழ்ந்து பணிந்தான். பூசலார் தம் உள்ளத்தே இறைவனைத் தாபித்து, திருவடி சேரும் நாள்வரை பூசனை புரிந்தார்.

கல்வெட்டில் குறிக்கப்பெறும் வான்மொழியும் புராணத்தில் வரும் கனவும் ஒன்றே என்று வரலாற்றறிஞர் சிலர் கருதுவர். நாம் உண்மையை மறைத்துப் பேசுதல் ஆகாது. கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை. புராணத்தில் இராசசிம்மன் என்னும் பெயர் இல்லை, காடவர்கோமான் என்னும் குடிப்பெயரே உண்டு. இவனின் வேறானவர் நாயன்மாருள் ஒருவராகிய ஐயடிகள் காடவர்கோன் என்பதையும் நினைவிற் கொள்க. கல்லுக்கும் புராணத்திற்கும் இடையே 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் உண்டு. எனினும் காஞ்சியில் கற்றளி எடுத்த ஒரு பல்லவன் இறைவன் பேசக் கேட்டான் என்னும் நினைவு கல்லிலும் நிற்கிறது, சொல்லிலும் நிற்கிறது. அவ்வளவே துணிந்து கூறத்தக்கது. நமக்கு அதுவே போதுமானது.

கனவு சுட்டும் திசை

இனி, இத்தகைய கனவுகள் திருத்தொண்டர் புராணத்தில் இஃதொன்றுதானா எனின், அன்று. வேறு மூன்றினை இதனோடு சேர்த்து நோக்குவோம்.

காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகமநெறி பிழையாது பூசித்து வந்தார். நாள்தோறும் சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு துடித்தார். ‘இதனைச் செய்தவன் எவனோ’ என்று கலங்கி உறங்கிய அவர் கனவில் பெருமான் தோன்றி, அவ்வேடனுடைய செயல்களெல்லாம் நமக்கு இனியனவே என்று உணர்த்தி, மறுநாள் மறைந்திருந்து காணுமாறு பணித்தார். அவ்வாறே கண்டவர், திண்ணனார் கண்ணப்பர் ஆனதைக் கண்டார்.

ஏமப்பேறூர் நமிநந்தியடிகள், திருவாரூர்ப் பெருமான் பங்குனி உத்திர விழாவில் திருமணலிக்கு எழுந்தருளியபோது உடன் சென்று தொழுதார். எல்லாக் குலத்தாரும் கலந்து சென்ற கூட்டத்தில் தாமும் சென்றதனால் தூய்மை குன்றியதென எண்ணி, இல்லம் புகாது, நீராடியபின்னரே பூசை செய்யவேண்டும் என்று மனைவியாரிடம் நீர் கேட்டார். அப்பொழுது உறக்கம் வந்தது. அது உடலின் அயர்வால் வந்ததோ, இறைவன் அருளால் வந்ததோ அறியோம் என்று சேக்கிழாரே கூறிவிடுகிறார். அவ்வுறக்கத்தில் இறைவன் தோன்றி, ஆரூரிற் பிறந்தார் அனைவரும் நம் கணத்தவர். அதனை நீ காண்பாய் என்றருளினார். விடிந்ததும் ஆரூர் சென்ற அடிகள், அனைவரையும் சிவவடிவாகவே கண்டு, தரையில் வீழ்ந்து பிழை பொறுக்குமாறு வேண்டினார்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருவாலவாய்க் கோயில் வாயிலின் முன்னே நின்று யாழிசைத்தார். அன்றிரவு இறைவன் தொண்டர்களின் கனவிலே தோன்றி, பாணரைத் தம் திருமுன் கொண்டு வருமாறு ஏவினார். வாயிலில் நின்றவர் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார்.

அன்பர்களே! இக்கனவுகள் நான்கிலும் ஓர் ஒற்றுமை காண்கின்றோம் அல்லவா? அரசன் கனவு பூசலாரின் பெருமையைக் காட்டிற்று. சிவகோசரியார் கனவு திண்ணனாரின் பெருமையைக் காட்டிற்று. நமிநந்தியார் கனவு ஊர் மக்களின் பெருமையைக் காட்டிற்று. மதுரைத் தொண்டர் கனவு பாணரின் பெருமையைக் காட்டிற்று. கனவு கண்டவருக்கு அவருடைய பெருமை காட்டப்படவில்லை. அவர் அதுவரை காணத்தவறிய ஒருவரின் பெருமையே காட்டப்பட்டது. நனவில் கண் திறந்திருந்தும் தெரியாதது, கண் மூடியபோது தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தல் தகும். காடவர்கோன் கனவு கண்ட காலத்தில் பூசலார் துயில் நீத்துத் தம் மனக்கோயிலைக் கட்டி முடித்திருந்தார். சிவகோசரியார் கனவு கண்ட இரவில் திண்ணனார் வில்லேந்தி உறங்காமல் குடுமித்தேவரைக் காத்து நின்றார். கனவு உறங்கியவருக்கு வந்தது. பெருமையோ விழித்திருந்தவருக்கு உரியதாயிற்று. ஆகவே, கனவில் இறைவனைக் காணாதவர் தாழ்ந்தவர் என்று எண்ணற்க. பூசலாருக்குக் கனவு தேவைப்படவில்லை.

துன்பத்தில் ஆறுதலாக வந்த கனவும் உண்டு. பஞ்சகாலத்தில் பசியால் தளர்ந்து, திருமஞ்சனக் குடத்தை இறைவன் திருமுடிமேல் தவறவிட்டுச் சோர்ந்த புகழ்த்துணை நாயனாருக்கு, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒரு காசு வைப்போம் என்று கனவில் அருளினார் பெருமான். ஆயின் அவர் காசு வேண்டித் தொண்டு செய்தவரல்லர். காசு பெற்றபின் தொண்டைக் குறைத்தவருமல்லர். ஆறுதலும் தொண்டின் வழியே வந்து, தொண்டினுக்கே பயன்பட்டது.

நம் கனவுகள்

‘இவையெல்லாம் அருளாளர் கனவுகள், எம் கனவுகளை என் செய்வது?’ என்று நீங்கள் வினவலாம். நம் சித்தாந்தம் இதற்குத் தெளிவான அடிப்படை தந்திருக்கிறது. உயிருக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்னும் ஐந்து அவத்தைகள் உண்டு. நனவில் 35 கருவிகள் தொழிற்படும். கனவில் அறிகருவி ஐந்தும் செயற்கருவி ஐந்தும் ஓய, எஞ்சிய 25 கருவிகளோடு உயிர் நிற்கும். மனம் முதலிய அந்தக்கரணங்கள் நான்கும் அப்போதும் ஓய்வதில்லை. எனவே பகலில் மனம் பற்றியவற்றையே இரவிலும் அது புரட்டிக்கொண்டிருக்கும். நம் கனவுகளுட் பெரும்பாலன இவ்வகையின. அவற்றை எண்ணி அஞ்சவேண்டுவதில்லை. அவற்றுக்காகப் பொருள் கொடுத்துப் பரிகாரம் தேடி அலையவேண்டுவதும் இல்லை.

எனினும், ஒரு கனவு பல நாள் நெஞ்சை விட்டு அகலாதிருக்குமாயின், அடியார் வரலாறு கற்பிக்கும் மூன்று வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: இக்கனவால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேளாமல், நான் காணத்தவறியவர் யார் என்று கேட்டல். மறைந்த அன்னை கனவில் வந்தாளாயின், அவள் இருந்தபோது யாரைப் பேணினாளோ அவரை நாம் இன்று பேணுகிறோமா என்று எண்ணிப் பார்ப்பது அக்கனவிற்கு நாம் செய்யும் சிறந்த மரியாதை. இரண்டாவது: கனவு சொல்வதை நனவில் உசாவித் தெளிதல். காடவர்கோன் ஊராரைக் கேட்டான். சிவகோசரியார் மறைந்திருந்து கண்டார். நமிநந்தியார் விடிந்ததும் சென்று பார்த்தார். மூன்றாவது: அக்கனவின் சுமையை யார் தாங்குவது என்று பார்த்தல். காடவர்கோன் கனவு கண்டான். தள்ளிவைக்கப்பட்டது அவனுடைய குடமுழுக்கு. நடந்தவன் அவன், பணிந்தவன் அவன். ‘கனவில் ஆண்டவன் சொன்னான், ஆகவே நீ பொருள் கொடு, நீ விலகிப் போ’ என்று பிறர்மீது சுமையேற்றும் கனவை எவரேனும் கூறுவாராயின், அஃது அடியார் கண்ட கனவின் வழிப்பட்டதன்று என்று தெளிக.

திருப்பணி செய்யும் திருக்கோயில்தோறும் இச்சிந்தனை நமக்கு வேண்டுவது. பெருந்தொகை வழங்கியவர் பெயர் கல்லில் ஏறுகிறது, அது தக்கதே. இராசசிம்மன் கட்டிய கோயிலை 1,300 ஆண்டுகளாக உலகம் தொழுகிறது; பொருள் கொண்டு செய்யும் பணியை நாம் இகழவில்லை. ஆனால் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல், தேரோடும் வீதியின் ஓரத்தில் நின்று கண்ணீர் மல்கக் கைகூப்பும் முதியவர் ஒருவர் நம் விழாவிலும் இருப்பார். அவர் உள்ளத்தே எத்தகைய கோயில் எழுந்திருக்கிறதோ நாம் அறியோம். 200க்கும் மேற்பட்ட பட்டங்களைக் கல்லிலே பொறித்த குலத்து வேந்தன், கல்லொன்றும் நாட்டாத ஓர் ஏழை வேதியர்முன் தரையில் வீழ்ந்தான் என்று நம் முன்னோர் போற்றி வைத்தது, அவரைப் போன்றோரை நாம் கடந்து போய்விடாதிருத்தற் பொருட்டே.

திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் திருக்கோயில் இன்று அன்பர் வழிபட விளங்குகிறது. மனத்தில் எழுந்த கோயிலின் நினைவாகக் கல்லில் எழுந்த கோயில் அது. காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் நின்றவூருக்கும் சென்று வழிபடுவாராக. கனவில் வந்தும், நனவில் அடியார் வடிவில் வந்தும் நமக்கு வழிகாட்டும் பெருமான், அருகில் இருப்பவரின் அருமையை விழித்திருக்கும்போதே அறியும் அறிவை நம் அனைவர்க்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.